ஈர்ப்பு அலை வந்த திசையில் காமாக் கதிரைத் தேடுவது: 'எதுவும் தென்படவில்லை' என்ற முடிவின் மதிப்பு

திருவொற்றியூரில் வசிக்கும் முதுகலை இயற்பியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "2017இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது ஈர்ப்பு அலையும் காமாக் கதிரும் அடுத்தடுத்து வந்தன என்று படித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஈர்ப்பு அலைகள் பதிவாகிவிட்டன. ஆனால் காமாக் கதிர்த் தொலைநோக்கிக் குழுக்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் 'எதுவும் தென்படவில்லை' என்றே முடிகின்றன. இந்தத் தேடல் உண்மையில் எப்படி நடக்கிறது? கிடைக்காது என்று தெரிந்தும் ஏன் தொடர்கிறார்கள்? வடசென்னையில் இருந்துகொண்டு இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டுரைகளில் வரும் 'தென்படவில்லை' என்பது கைவிரிப்பு அன்று. இன்ன திசையில், இன்ன நேரத்தில், இன்ன ஆற்றல் வரம்பில், இவ்வளவுக்கு மேல் பிரகாசமான எதுவும் இல்லை என்று எண்ணால் சொல்லப்படும் ஓர் அளவீடு அது. இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி அந்த எண்ணை நேர்மையாகக் கணக்கிடுவதற்கே செலவாகிறது என்பதும், 2017இல் கிடைத்த ஒரே பெரிய வெற்றியைக்கூட அந்த எண்கள் இல்லாமல் நம்மால் புரிந்துகொண்டிருக்க முடியாது என்பதும் என் உறுதியான கருத்து. அதை விளக்குவதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வெளியில் பரவும் நுண்ணிய அதிர்வான ஈர்ப்பு அலையோடு, ஒளியிலேயே ஆற்றல் மிகுந்த வகையான காமாக் கதிரும் வரும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணம் என்ன என்பதிலிருந்து தொடங்கலாம். சூரியனைவிடச் சற்றே கூடுதலான நிறையைச் சுமார் 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடக்கி வைத்திருப்பது நியூட்ரான் விண்மீன். அப்படிப்பட்ட இரண்டு ஒன்றையொன்று சுற்றி, ஈர்ப்பு அலைகளாக ஆற்றலை இழந்து, நெருங்கி நெருங்கி இறுதியில் மோதும்போது, பொருளில் ஒரு பகுதி வெளியே தெறிக்கிறது; ஒரு பகுதி மையத்தில் உருவாகும் பொருளைச் சுற்றி வட்டாகச் சுழல்கிறது. அந்த அமைப்பிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கும் குறுகிய தாரை ஒன்று இரு எதிர்த்திசைகளிலும் பீறிடுகிறது. அந்தத் தாரை நம்மை நோக்கி இருந்தால், இரண்டு வினாடிக்கும் குறைவான குறுங்கால காமாக் கதிர் வெடிப்பாக நமக்குத் தெரியும். இது 1980களிலிருந்தே முன்வைக்கப்பட்ட கருத்து. ஆனால் நேரடிச் சான்று 2017 வரை கிடைக்கவில்லை. மாறாக, மோதுபவை இரண்டும் கருந்துளைகளாக இருந்தால் வெளியே தெறிக்கப் பொருளே இல்லை. எனவே ஒளியையும் எதிர்பார்ப்பதற்கில்லை. இதுவரை பதிவான இருநூறுக்கும் மேற்பட்ட ஈர்ப்பு அலை நிகழ்வுகளில் மிகப் பெரும்பான்மை கருந்துளை இணைகளே. உங்கள் கேள்வியில் உள்ள 'எத்தனையோ' என்ற சொல்லை இந்த உண்மை பெருமளவு சுருக்கிவிடுகிறது.

ஆனாலும் கருந்துளை இணைகளையும் யாரும் தேடாமல் விடுவதில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஈர்ப்பு அலை ஆய்வகமான லைகோவின் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரு இடத்துக் கருவிகளும் முதல் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறை கொண்ட இரு கருந்துளைகள், சுமார் 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இணைந்த நிகழ்வு அது. அதற்கு 0.4 வினாடி கழித்து, ஃபெர்மி செயற்கைக்கோளில் உள்ள ஜிபிஎம் என்னும் வெடிப்பு கண்காணிப்புக் கருவியின் தரவில் ஏறக்குறைய ஒரு வினாடி நீடித்த மெல்லிய எழுச்சி ஒன்று இருந்ததாக அக்குழுவினர் அறிவித்தார்கள். தற்செயலாக அப்படி நேர்வதற்கான வாய்ப்பு 0.22 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். இயற்பியலில் இது வியப்பூட்டக்கூடிய எண்தான். ஆனால் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கப் போதுமான எண் அன்று. அதே நேரத்தில் ஐரோப்பாவின் இன்டெக்ரல் செயற்கைக்கோளும் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் கேடயக் கருவி ஏறத்தாழ முழு வானத்தையும் பார்க்கக்கூடியது. அதில் எதுவும் பதிவாகவில்லை. அந்த மெல்லிய எழுச்சி உண்மையில் கருந்துளைகளிடமிருந்து வந்தது என்று கொள்வதை மிகவும் கடினமாக்கியது இன்டெக்ரல் கொடுத்த மேல் எல்லைதான், அதாவது இவ்வளவுக்கு மேல் பிரகாசமான எதுவும் இல்லை என்ற எண்தான். ஒரு கருவி 'பார்த்தேன்' என்று சொல்வதை, மற்றொரு கருவி அளவோடு 'பார்க்கவில்லை' என்று சொல்வதுதான் சோதிக்கிறது. இந்தத் துறை முழுவதும் இப்படித்தான் நடக்கிறது.

இனி 2017. இந்திய நேரப்படி ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை மாலை 6 மணி 11 நிமிடம். சென்னையில் சூரியன் இன்னும் மறையவில்லை. நிகழ்வு நடந்த ஹைட்ரா விண்மீன் கூட்டத்தின் பகுதி அப்போது நம் தென்மேற்கு வானில் நன்றாகவே உயரத்தில் இருந்தது. வண்ணாரப்பேட்டையிலும் எண்ணூரிலும் மக்கள் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, அந்தக் காமாக் கதிர்கள் நம் தலைக்கு மேலுள்ள வளிமண்டலத்தில் மோதி அங்கேயே உறிஞ்சப்பட்டன. காமாக் கதிர் தரையை எட்டுவதில்லை என்பதால்தான் செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

லைகோவும் இத்தாலியிலுள்ள விர்கோவும் ஏறத்தாழ 100 வினாடி நீண்ட ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. மோதல் நடந்து 1.74 வினாடி கழித்து ஃபெர்மியின் ஜிபிஎம் ஒரு காமாக் கதிர் வெடிப்பைக் கண்டது. வெளியுலகுக்கு முதலில் போன அறிவிப்பு ஜிபிஎம்முடையது. சில வினாடிகளிலேயே தானாகப் பறந்துவிட்டது. லைகோவின் தானியங்கி ஆய்வு சில நிமிடங்களில் ஹான்ஃபோர்டு தரவில் மட்டும் சமிக்ஞையைக் கண்டது. லிவிங்ஸ்டன் தரவில், மோதலுக்குச் சற்று முன் ஒரு கருவி இரைச்சல் குறுக்கிட்டிருந்ததால் கணினி அதை ஒதுக்கிவிட்டது. மனிதர்கள் அந்தத் தரவைக் கண்ணால் பார்த்தபோது, இரைச்சலைக் கடந்து செல்லும் அந்த வளைகோடு தெளிவாகவே தெரிந்தது. விர்கோவில் சமிக்ஞை மிக மெலிதாக இருந்தது. அது மெலிதாக இருந்ததுதான் பெரும் பயனைத் தந்தது: அந்தக் கருவிக்கு உணர்திறன் குறைவான திசைகள் சில உண்டு, அவற்றில் ஒன்றிலிருந்தே அலை வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடிந்தது. ஜிபிஎம் தனியாகக் காட்டிய பகுதி, வானப் பரப்பை அளக்கும் அலகில், ஏறத்தாழ 1,100 சதுர பாகை. மூன்று ஈர்ப்பு அலைக் கருவிகளும் சேர்ந்தபோது அது சுமார் 30 சதுர பாகையாகச் சுருங்கியது. அந்த வரைபடம் வெளிவர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிலியிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கிக் குழு, அப்பகுதியில் பொருத்தமான தொலைவில் உள்ள விண்மீன் மண்டலங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படமெடுத்து, நிகழ்வுக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் கழித்து என்ஜிசி 4993 என்னும் மண்டலத்தில் ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டது. தொலைவு சுமார் 13 கோடி ஒளியாண்டு.

இந்தக் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். குறைவாகப் பேசப்படுவது, அன்று பார்க்க முடியாமல் போனவர்களின் பங்கு. ஃபெர்மியிலேயே லாட் என்னும் இன்னொரு கருவி இருக்கிறது. 2 கோடி எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 30,000 கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் வரையிலான உயர் ஆற்றல் காமாக் கதிர்களை அளப்பது. தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே பூமியின் கதிர்வீச்சு வளையம் தாழ்ந்து வருவதால், அங்கே செல்லும்போது செயற்கைக்கோள் கருவிகளின் பதிவை நிறுத்தி வைப்பது வழக்கம். ஜிபிஎம்முக்கும் லாட்டுக்கும் அந்த எல்லை சிறிது வேறுபடும். மோதல் நடந்த நொடியில் லாட்டின் எல்லைக்குள் ஃபெர்மி நுழைந்திருந்தது. ஜிபிஎம்மின் எல்லைக்குள் இன்னும் நுழையவில்லை. அதனால் ஒரே செயற்கைக்கோளில் ஒரு கருவி வெடிப்பைக் கண்டது, மற்றொன்று பதிவே செய்யவில்லை. லாட் மீண்டும் பதிவைத் தொடங்கியபோது 19 நிமிடங்கள் கடந்திருந்தன. அதன் பிறகு அது அந்தத் திசையைப் பார்த்தும் எதுவும் தென்படவில்லை. ஆகவே 'லாட் எதையும் காணவில்லை' என்று மட்டும் எழுதினால் அது தவறான செய்தி. முதல் 19 நிமிடங்கள் பற்றி லாட் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிந்தைய காலம் பற்றி மட்டும் ஒரு மேல் எல்லையைச் சொல்கிறது. தேடலைப் பற்றிப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

நம் நாட்டு வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டும் அன்று பார்க்கவில்லை. 2015 செப்டம்பர் 28 காலை, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி30 ராக்கெட்டில் ஏவப்பட்டது அது. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில் திருவொற்றியூர் மொட்டை மாடிகளிலிருந்தே வடக்கே எழும் ராக்கெட்டின் புகைத் தடத்தை நாம் பார்க்கிறோம் அல்லவா, அந்தத் தளத்திலிருந்துதான். முதல் ஈர்ப்பு அலை பதிவாகி இரண்டே வாரத்தில் அது விண்ணுக்குச் சென்றது. அதிலுள்ள சிஇசட்டிஐ என்னும் காட்மியம் துத்தநாக டெலுரைடு கருவி, ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர்களும் காமாக் கதிர்களும் எத்திசையிலிருந்து வந்தாலும் ஓரளவு உணரும். 2017 நிகழ்வின்போது ஆஸ்ட்ரோசாட்டுக்கும் நிகழ்வின் திசைக்கும் நடுவே பூமி இருந்தது. ஜிபிஎம் கண்ட வெடிப்பு ஆஸ்ட்ரோசாட்டுக்குத் தெரியவில்லை என்பதிலிருந்து, அது அந்த நொடியில் ஆஸ்ட்ரோசாட்டுக்குப் பூமி மறைத்திருந்த வானப் பகுதியில்தான் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று சொல்ல முடிந்தது. காமாக் கதிர் தரவு காட்டிய பரப்பைச் சுருக்க அதுவும் உதவியது.

இந்தத் தேடலில் ஈடுபடும் கருவிகள் இரண்டு வகை. எப்போதும் பெரும்பரப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவை ஒரு வகை. ஒரு சிறு பரப்பை மிகக் கூர்மையாகப் பார்ப்பவை மற்றொரு வகை. ஜிபிஎம்மின் 14 உணரிகள் பூமி மறைக்காத வானம் முழுவதையும் பார்க்கின்றன. லாட் ஒரே நேரத்தில் வானத்தின் ஐந்தில் ஒரு பங்கையும், ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் முழு வானத்தையும் பார்த்துவிடுகிறது. தரையில் நமீபியாவின் ஹெஸ், ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக், அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள வெரிட்டாஸ் ஆகியவை இரண்டாம் வகை. மிக உயர் ஆற்றல் காமாக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது எலக்ட்ரான்களும் பாசிட்ரான்களும் மழையாகப் பொழிகின்றன. அவை காற்றில் ஒளி செல்லும் வேகத்தைவிட விரைந்து செல்வதால், சில நானோவினாடி மட்டுமே நீடிக்கும் நீல ஒளி உண்டாகிறது. செரன்கோவ் ஒளி எனப்படும் அதைப் பெரிய ஆடிகளால் குவித்துப் படமெடுக்கிறார்கள். பூமியின் வளிமண்டலத்தையே கருவியின் பகுதியாக்கிக்கொள்ளும் இந்த முறை மிகுந்த உணர்திறன் கொண்டது. ஆனால் இருளும் தெளிவான வானமும் வேண்டும், பார்வைப் பரப்பும் மூன்றரை முதல் ஐந்து பாகை விட்டம் மட்டுமே. மெக்சிகோவின் ஹாக், சீனாவின் லாஸோ போன்றவை நீர்த்தொட்டிகளையும் துகள் உணரிகளையும் கொண்டு பகலிரவு பாராமல் பெரும்பரப்பைக் கவனிக்கின்றன.

ஈர்ப்பு அலைக் குழு அனுப்பும் எச்சரிக்கையுடன் ஒரு வான வரைபடம் வரும். வானத்தைச் சம பரப்புள்ள ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, நிகழ்வு அந்தக் கட்டத்தில் நடந்திருப்பதற்கான நிகழ்தகவை ஒவ்வொன்றிலும் எழுதிய கோப்பு அது. நிகழ்வு எவ்வகையானது, தொலைவு எவ்வளவு, இது வெறும் இரைச்சலாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பவையும் கூடவே வரும். செரன்கோவ் தொலைநோக்கிக் குழுவின் முதல் வேலை, அந்தக் கட்டங்களில் எவை இன்றிரவு தங்கள் அடிவானத்துக்கு மேலே வரும், நிலவு எங்கே இருக்கும், அருகிலுள்ள விண்மீன் மண்டலங்கள் எங்கே குவிந்திருக்கின்றன என்று கணக்கிட்டு, எந்த வரிசையில் எங்கே திருப்பினால் மிகுந்த நிகழ்தகவை மிகக் குறைந்த நேரத்தில் அள்ளலாம் என்று திட்டமிடுவது. இதைக் கணினி சில வினாடிகளில் செய்துவிடுகிறது. 2017இல் ஹெஸ், மூன்று கருவிகளின் வரைபடம் வந்த சில நிமிடங்களிலேயே, நிகழ்வுக்கு 5.3 மணி நேரம் கழித்து, தன் பார்வையைத் திருப்பியது. ஒளியியல் தொலைநோக்கிகள் இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, என்ஜிசி 4993 அதன் முதல் பார்வைப் பரப்புக்குள் வந்துவிட்டது. எந்த மண்டலம் என்று தெரியாமலே சரியான மண்டலத்தைப் பார்த்த அந்தத் திட்டமிடல், இந்தத் துறையின் மிக அழகான செயல்களில் ஒன்று என்று நான் கருதுகிறேன். காமாக் கதிர் தென்படவில்லை. ஆனால் திட்டமிடும் முறை சரி என்பது நிரூபணமாயிற்று.

லாட் தரவில் தேடும் முறை வேறு. அங்கே தொலைநோக்கியைத் திருப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தரவு ஏற்கெனவே இருக்கிறது. வரைபடத்தின் ஒவ்வொரு கட்டமும் மோதலுக்குப் பிறகு எப்போது லாட்டின் பார்வைக்குள் நுழைகிறது, எப்போது வெளியேறுகிறது என்பது கட்டத்துக்குக் கட்டம் மாறும். எனவே எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவான ஒரு கால அளவை வைத்து ஒரு தேடலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கே உரிய கால அளவை வைத்து இன்னொரு தேடலும் செய்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும், ஏற்கெனவே தெரிந்த காமாக் கதிர் மூலங்களையும், நம் பால்வழி மண்டலத்தின் பரவலான ஒளியையும், பூமியின் வளிமண்டலத்திலிருந்து வரும் கதிர்களையும் கணக்கில் கொண்டு, அதற்கு மேல் புதிதாக ஒரு மூலம் இருந்தால் தரவு எவ்வளவு சிறப்பாகப் பொருந்துகிறது என்று பார்க்கிறார்கள். பொருத்தம் போதுமான அளவுக்கு உயராவிட்டால் மேல் எல்லையைக் குறிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கட்டங்களில் தேடும்போது, எங்காவது ஒன்றில் தற்செயலாக உயரமான எண் வந்தே தீரும் என்பதையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். இதை மறந்த தேடல் எதையும் 'கண்டுபிடித்துவிடும்'.

அந்த மேல் எல்லையின் பொருளை வடசென்னைக்காரருக்குச் சொல்ல காசிமேட்டு வலையைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது. வலை வெறுமையாக வந்தால் கடலில் மீனே இல்லை என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். இந்த இடத்தில், இந்த ஆழத்தில், வலைக்கண்ணைவிடப் பெரிய மீன் அந்நேரத்தில் இல்லை என்று மட்டுமே சொல்வார். வலைக்கண்ணின் அளவு தெரியாமல் வெறும் வலையைக் காட்டினால் அதிலிருந்து யாரும் எதையும் அறிய முடியாது. தெரிந்தால், வெறும் வலையும் செய்தி சொல்லும்.

அப்படி ஒரு வெறும் வலை சொன்ன செய்திக்கு எடுத்துக்காட்டு ஒன்று. 2017 நிகழ்வின் எஞ்சிய பொருளிலிருந்து எக்ஸ் கதிரும் ரேடியோ அலையும் பல மாதங்கள் வளர்ந்துகொண்டே சென்றன. ஒளியின் வேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் உண்டானவை அவை. அதே எலக்ட்ரான்கள் தம் அருகிலுள்ள ஒளித்துகள்களை மோதி உயர்த்தி, மிக உயர் ஆற்றல் காமாக் கதிர்களையும் உண்டாக்க வேண்டும். காந்தப்புலம் வலுக்குறைந்ததாக இருந்தால், நாம் காணும் எக்ஸ் கதிரை உண்டாக்க எலக்ட்ரான்கள் ஏராளமாக இருந்தாக வேண்டும். அப்போது காமாக் கதிரும் மிகுதியாக வந்திருக்கும். ஹெஸ் 2017 டிசம்பர் முதல் 2018 மே வரை ஏறத்தாழ 54 மணி நேரம் அந்த இடத்தைப் பார்த்தது, எதுவும் தென்படவில்லை. ஆகவே காந்தப்புலம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்ததாக இருக்க முடியாது என்ற முடிவு கிடைத்தது. 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்த மோதலின் சிதறலில் காந்தப்புலத்துக்கு ஒரு கீழ் எல்லையை, எதையும் காணாததன் மூலம் அளந்துவிட்டார்கள். இதைவிடத் தெளிவான பதிலை உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் தர முடியாது.

இன்னொரு எடுத்துக்காட்டு நம் நாட்டினுடையது. 2017 ஜனவரி 4 அன்று கருந்துளை இணை ஒன்றின் ஈர்ப்பு அலை பதிவானது. அடுத்த நாள், ஹவாயிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி, ஈர்ப்பு அலை வந்திருக்கக்கூடிய பகுதிக்குள்ளேயே விரைந்து மங்கும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டது. கருந்துளை மோதலிலிருந்து ஒளி வந்துவிட்டதோ என்ற பரபரப்பு எழுந்தது. ஆஸ்ட்ரோசாட்டின் சிஇசட்டிஐ தரவைத் துருவிய இந்திய ஆய்வாளர்கள், ஈர்ப்பு அலைக்கு ஏறத்தாழ 21 மணி நேரம் கழித்து வேறொரு காமாக் கதிர் வெடிப்பு நிகழ்ந்திருப்பதைக் கண்டார்கள்; அட்லஸ் கண்ட ஒளி அந்த வெடிப்பின் பின்னொளியே என்றும், ஈர்ப்பு அலையோடு அதற்குத் தொடர்பில்லை என்றும் காட்டினார்கள். அதே ஈர்ப்பு அலைக்கு ஏறத்தாழ அரை வினாடி முன்னதாக இத்தாலியின் அஜிலே செயற்கைக்கோளில் ஒரு மெல்லிய எழுச்சி தெரிந்ததாகவும் அறிவிப்பு வந்திருந்தது. அந்த நேரத்தில் சிஇசட்டிஐ எதையும் காணவில்லை என்பது அந்த அறிவிப்பின் மீது கடுமையான ஐயத்தை எழுப்பியது. பொருந்தாத இணையை விலக்குவதும் பொருந்தும் இணையைக் கண்டுபிடிப்பதைப் போன்றே பெரிய வேலை. விலக்கத் தெரியாத துறையில் கண்டுபிடிப்புகளுக்கு மதிப்பிருக்காது.

சரி, 2017க்குப் பிறகு ஏன் இன்னொன்று கிடைக்கவில்லை? பல காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. தாரை மிகக் குறுகியது. 2017 தாரையின் அரைக்கோணம் ஐந்து பாகைக்கும் குறைவு என்றும், நாம் அதை ஏறத்தாழ 20 பாகை சாய்வில் பார்த்தோம் என்றும் ரேடியோ தொலைநோக்கிகளின் அளவீடுகள் காட்டின. அதனால்தான் அந்த வெடிப்பு, வழக்கமான குறுங்கால வெடிப்புகளைவிடக் குறைந்தது நூறு மடங்கு மங்கலாக இருந்தது. அதே மோதல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட தொலைவில் நடந்திருந்தால் ஜிபிஎம்மின் தானியங்கி எச்சரிக்கை எழுந்திருக்காது. பெரும்பாலான மோதல்களில் தாரை நம்மை விட்டு விலகியே இருக்கும். அருகில் நடந்தால் மட்டுமே சாய்வாகப் பார்த்தும் காமாக் கதிரைக் காண முடியும்.

2019 ஏப்ரல் 25 அன்று, நியூட்ரான் விண்மீன் இணை என்று கருதப்படும் இரண்டாவது நிகழ்வு பதிவானது. தொலைவு 50 கோடி ஒளியாண்டு. ஹான்ஃபோர்டு கருவி அப்போது இயங்கவில்லை. விர்கோவுக்கு அந்தச் சமிக்ஞை மிக மெலிது. விளைவாக நிகழ்வு நடந்திருக்கக்கூடிய பரப்பு 8,000 சதுர பாகையைத் தாண்டியது. முழு வானமே 41,253 சதுர பாகைதான். ஐந்து பாகை விட்டமுள்ள பார்வைப் பரப்பு என்பது ஏறத்தாழ 20 சதுர பாகை. அந்தக் கணக்கில் நானூறு முறை திருப்பினால்தான் பரப்பு முழுவதும் பார்த்து முடியும். அதற்குள் ஒளி மங்கிவிடும்.

நேரப் பொருத்தமின்மை இன்னொரு காரணம். 2021 டிசம்பர் 11 அன்றும் 2023 மார்ச் 7 அன்றும் நிகழ்ந்த இரு காமாக் கதிர் வெடிப்புகள் அருகில் நடந்தவை. இரண்டிலும் நியூட்ரான் விண்மீன் மோதலுக்கு அடையாளமான கிலோநோவா ஒளி தெரிந்தது. நீண்டநேர வெடிப்புகள் என்று வகைப்படுத்தத்தக்கவை அவை என்பதால் கொள்கை அளவிலும் முக்கியமானவை. ஆனால் லைகோவின் மூன்றாவது அவதானிப்புக் காலம் 2020 மார்ச்சில் முடிந்து, நான்காவது 2023 மே மாதம்தான் தொடங்கியது. இரண்டு வெடிப்புகளும் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டன. அன்று ஈர்ப்பு அலையும் பதிவாகியிருந்தால், நீண்ட வெடிப்புகளில் சிலவும் இணை மோதல்களே என்பதற்கு நேரடிச் சான்று நம் கையில் இருந்திருக்கும். இதை நினைத்து நான் உண்மையாகவே வருந்துகிறேன்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்து ஔண்டாவில் அமையவிருக்கும் ஈர்ப்பு அலை ஆய்வகமான லைகோ இந்தியாவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மற்ற கருவிகளிலிருந்து வெகுதொலைவில் அது அமைவதால், அலை வந்துசேரும் நேர வேறுபாடுகளிலிருந்து திசையைக் கணிப்பது மிகவும் கூர்மையாகும்; நானூறு முறை திருப்ப வேண்டிய நிலை பல நிகழ்வுகளில் இல்லாமல் போகும். லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்துக்கு 4,200 மீட்டருக்கும் மேலே, பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த மேஸ் என்னும் 21 மீட்டர் விட்டமுள்ள செரன்கோவ் தொலைநோக்கி 2024 அக்டோபரில் திறந்து வைக்கப்பட்டது. நமீபியாவுக்கும் லா பால்மாவுக்கும் பகலாக இருக்கும் நேரங்களில் இரவைக் கொண்டிருக்கும் இடம் அது. பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு செயற்கைக்கோள்களை வைத்து, எத்திசை வெடிப்பும் தப்பாமல் பார்க்கும் தக்ஷா என்ற திட்டத்தையும் இந்திய ஆய்வாளர்கள் முன்மொழிந்திருக்கிறார்கள். 2017இல் ஆஸ்ட்ரோசாட்டுக்கு நேர்ந்ததுபோல் பூமி குறுக்கிடுவது அதில் நேராது. அந்தத் திட்டம் நிறைவேற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

உங்கள் மூன்றாவது கேள்வி. மணலி ஆலைகளின் வெளிச்சமும் துறைமுக விளக்குகளும் கடல் ஈரமும் சேர்ந்த நம் இரவு வானத்தில், கண்ணால் பார்க்கும் வானியலுக்கு இடம் குறைவு. இந்தத் தேடலுக்கு அது ஒரு தடையே அன்று. ஈர்ப்பு அலை எச்சரிக்கைகள் எல்லோருக்கும் திறந்தவை. லைகோவின் பொதுத் தரவுத்தளத்தில் வான வரைபடங்களை யாரும் இறக்கிக்கொள்ளலாம். லாட்டின் தரவு பதிவான சில மணி நேரத்தில் பொதுவில் கிடைக்கிறது. அதை ஆராயும் மென்பொருளும் இலவசம். பைதான் என்னும் கணினி மொழி தெரிந்து, சாதாரண மடிக்கணினி ஒன்று இருந்தால், தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வீட்டு மேசையில் அமர்ந்து, மேலே சொன்ன லாட் தேடலின் எளிய வடிவத்தைச் செய்துபார்க்கலாம். ஈர்ப்பு அலை ஆய்வில் நேரடியாக ஈடுபட்டிருக்கும் குழுக்கள் சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்திலும் சென்னை ஐஐடியிலும் இருக்கின்றன. முதுகலைத் திட்டப் பணிக்கு அவர்களை அணுகத் தயங்க வேண்டாம்.

தொடங்குவதற்கு 2019 ஏப்ரல் 25 நிகழ்வின் வரைபடத்தைப் பரிந்துரைக்கிறேன், 2017இன் வரைபடத்தை அன்று. 2017க்கு விடை தெரியும். விடை தெரிந்த கணக்கில் கை தன்னையறியாமல் விடையை நோக்கிச் சாயும். 2019 வரைபடத்தை எடுத்து, மோதல் நொடியில் அதன் நிகழ்தகவில் எத்தனை சதவீதம் லாட்டின் பார்வைக்குள் இருந்தது, எத்தனை சதவீதம் பூமிக்குப் பின்னால் இருந்தது, அடுத்த மூன்று மணி நேரத்தில் எப்போது எந்தப் பகுதி பார்வைக்குள் வந்தது என்பதை மட்டும் முதலில் கணக்கிடுங்கள். காமாக் கதிரைத் தேடும் படிக்கு அதற்குப் பிறகு போகலாம். எங்கே பார்த்தோம், எங்கே பார்க்கவில்லை என்ற அந்த அட்டவணை சரியாக அமைந்துவிட்டால், மேல் எல்லையைக் கணக்கிடுவது மென்பொருளின் கையேட்டைப் பின்பற்றிச் செய்யக்கூடிய வேலைதான். இடையில் எங்காவது சிக்கினால் கணக்கையும் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.